தொட்டியில் கிடந்த எண்ணெய்

வீடு வாங்குகிறவர், விற்கிறவரின் தொட்டியில் கிடக்கும் எண்ணெய்க்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்றால் ஊரிலிருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். மொன்ட்ரியால்-நோரில் பல வருடம் கரப்பான்களோடு வாடகைக்கு இருந்துவிட்டு, பியர்பொன்ட்ஸில் மாடியில்லாத ஒரு பழைய வீட்டுக்கு விலை பேசி முடித்திருந்தோம். விலையோடு அலுவல் முடிந்தது என்று நினைத்தால், செலவுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கூலி, விற்பவர் முன்கூட்டியே கட்டிவிட்ட வரியில் எங்கள் பங்கு, வீடு கைமாறியதற்கு நகரசபை கேட்கும் வரி. அந்தக் கடைசி வரிக்கு இங்கு வரவேற்பு வரி என்று பெயர்! எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் ஒரு தொட்டி நிறைய.

பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்வதால் எனக்குப் பிரெஞ்சு ஓரளவு ஓடும். எதைக் குறைக்கலாம் என்று நொத்தாரிசம்மாவைக் கேட்டேன். "நகரசபையோடு பேரம் பேச முடியாது. உங்களுக்கும் விற்பவருக்கும் இடையில் உள்ளதைப் பேசலாம். எண்ணெயைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்" என்றார். கையெழுத்து வைக்கும் நாள் காலையில் நானும் என் கணவர் யோகனும் அதைப் பார்க்கத்தான் போனோம்.

விற்பவர் கிளோட், மனைவியை இழந்த கிழவர். எங்களை நிலவறைக்கு அழைத்துப்போய் அளவுமானியைக் காட்டினார். முள் 'நிறைவு' என்று நின்றது. யோகன் தொட்டியைத் தட்டினார். ஏறத்தாழ அடிவரை வெற்றொலி.

அவர் சொல்ல நினைத்தது, "பிழை விட்டிட்டீங்கள்" என்பதைத்தான். ஆனால் அவர் பிரெஞ்சைப் படித்தது டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில். சாப்பாடு பிழையாகி, செய்தவன் மழுப்பினால் தலைமைச் சமையற்காரன் கத்துகிற சொல் 'மொந்தர்.' பிழை விட்டவன் என்றுதான் யோகன் அதை விளங்கி வைத்திருந்தார். அதையே சிரித்தபடி சொன்னார். அதன் பொருள் பொய்யன்.

நான் வாயைத் திறக்குமுன் கிழவர் சுவரில் தொங்கிய, குழாய் திருகும் இரும்புக் குறடொன்றை எடுத்து யோகனின் புருவத்தில் அடித்தார். தோல் கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. யோகன் அவரைத் தொட்டியோடு சாத்தி மோதினார். செப்புக் குழாய் வளைந்து எண்ணெய் சொட்டியது. அந்த வாடை எழுந்ததும் யோகனின் முகம் மாறியது.

யோகன் சிறுவனாக இருந்தபோது நடந்த கலவரத்தில், திருகோணமலையில் அவர்களுடைய வீட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தகப்பனை ஒழுங்கையில் போட்டு அடித்தார்கள். பற்றைக்குள் கிடந்த யோகனின் மேல் தாய் ஏறி உட்கார்ந்து வாயைப் பொத்தியிருந்தார். அன்று அசைய முடியாத அந்தக் கைகள்தான் இப்போது கிளோட்டின் கழுத்தை நெரித்தன. கிழவரின் உதடு நீலமானது.

"விடுங்கோ! செத்துப்போவான்!"

"எரிக்க வந்தவனடி!"

யோகனின் மணிக்கட்டைக் கடித்தேன். இரத்தம் வாய்க்குள் வரும்வரை கடித்தேன். அப்போதுதான் விட்டார்.

இருவரும் தரையில் கிடந்து இரைத்தார்கள். அந்தச் சொல் எப்படி வந்தது என்று கிளோட்டுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் தட்டுத்தடுமாறி எழுந்து தானே தொட்டியைத் தட்டிப் பார்த்தார். அளவுமானியைக் குத்தினார். முள் அசையவில்லை. இறுகிப்போயிருந்தது.

"இதெல்லாம் என் மனைவிதான் பார்ப்பாள்" என்றார்.

"பொலிசைக் கூப்பிடப் போகிறீர்களா?" என்று கேட்டேன்.

"முதலில் அடித்தவன் நான்தானே."

மத்தியானம் நொத்தாரிசம்மா, யோகனின் கட்டுப்போட்ட நெற்றியையும் கிளோட்டின் கழுத்தில் கன்றிய விரல் தடங்களையும் பார்த்துப் பேனாவை வைத்துவிட்டார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறீர்களா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். ஓமென்றார்கள். எண்ணெய்க் கம்பனிக்காரர் வந்து அளந்து சொல்கிற எண்ணெய்க்குத்தான் காசு தருவோம், வளைந்த குழாய் எங்கள் செலவு என்றேன். அளவுமானி மாற்றுவது தன் செலவு என்றார் கிளோட். கணக்கைத் திருத்தி நொத்தாரிசம்மா உரக்க வாசித்தார். கையெழுத்தானது. நாங்கள் கை குலுக்கிக்கொள்ளவில்லை.

முதற்பனி விழுந்த மாலை, நிலவறையில் இருந்த சூட்டு உலையை மூட்டினோம். சூட்டோடு எண்ணெய் வாடையும் மெல்ல ஏறியது. யோகன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுக் குளிரங்கி இல்லாமல் வெளியே போனார். எங்கள் பிள்ளைகள் யன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்து, "பாப்பா, ரான்த்ர்!" என்று அப்பாவை உள்ளே வரச் சொல்லிப் பிரெஞ்சில் கத்தினார்கள். யாரோ ஒருவரின் வெளிச்சமான வீட்டைப் பார்ப்பதுபோல அவர் பனிக்குள் நெடுநேரம் நின்றார். பிறகு வந்து கதவைத் தட்டினார். உறுதி அவர் பெயரில்தான் இருந்தது. கதவும் பூட்டியிருக்கவில்லை.