பாவாடை வைத்த நீச்சலுடை

அஜ்மானில் நான் வேலை பார்க்கும் தையல்கடைக்கு ஆறு நீச்சலுடை ஆர்டர் வந்தது. துபாயில் ஒரு மாலில் பொம்மைகளுக்கு மாட்ட. நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெண்கள் கடலில் குளிக்கப் போட்ட மாதிரிகள் என்று ஆர்டர் கொண்டுவந்த பெண் இந்தியில் சொன்னாள். அவள் கொடுத்த ஆறு படங்களுக்கும் கீழே இருந்த எழுத்து எனக்குப் படிக்க வராது. வரிசையாகச் சுவரில் ஒட்டினேன். முதல் படத்தில் கனத்த கம்பளித் துணி, முழங்கை வரை கை, முழங்கால் வரை பாவாடை, உள்ளே கால்சட்டை, அதற்கும் கீழே காலுறை. அடுத்ததில் காலுறை இல்லை. அப்புறம் கை போயிற்று, பாவாடை போயிற்று. ஆறாவது, தோளில் இரண்டு பட்டி வைத்து உடம்போடு ஒட்டிய ஒற்றை உடுப்பு.

"மாஸ்டர், மொத படத்துல உள்ளத மாட்டிக்கிட்டு குளிக்கப் போனாளுகளா, சண்டைக்குப் போனாளுகளா?" என்றார் பக்கத்து மெஷின்காரர்.

அந்த வாரம்தான் ஊரிலிருந்து மகள் பேசியிருந்தாள். எட்டாம் வகுப்பு. மாவட்ட நீச்சல் போட்டிக்குப் பள்ளியில் அவளை எடுத்திருந்தார்கள்.

"அப்பா, நீங்களே தச்சு அனுப்புங்க. கடை ட்ரெஸ்ஸுன்னா மாமா விடமாட்டாரு."

மாமா என்பது என் மனைவியின் அண்ணன். அவர் வீட்டில்தான் இவர்கள் இருக்கிறார்கள்.

இழுபடும் துணியில் முழங்கால் வரை தைத்து போட்டோ அனுப்பினேன்.

"அண்ணன் கை வைக்கணும்ங்கிறாக" என்றாள் மனைவி. வைத்தேன். "கணுக்கால் வரைக்கும் வேணுமாம்." நீட்டினேன். "ஒட்டுனாப்ல தெரியுதாம். சுத்தி ஒரு பாவாடை வச்சுருங்களேன்."

பாவாடை போன படம் எதிரே சுவரில் இருந்தது. நான் பாவாடை வெட்டிக்கொண்டிருந்தேன்.

மச்சானிடம் சொல்ல ஒரே ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். பிள்ளை நீந்தட்டும், விடுங்க. அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"என்ன மாப்ள, அதிசயமா போன்ல?" என்றார்.

"மழை பெஞ்சுச்சா மச்சான்?"

"இல்லயே."

போனை வைத்துவிட்டேன்.

லீவில் ஊருக்குப் போன ரூம்காரர் உடுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து மகள் கூப்பிட்டாள்.

"தண்ணிக்குள்ள பாவாடை காலைச் சுத்துதுப்பா. நீந்த முடியல. பி.டி. டீச்சர் வேற பிள்ளையச் சேத்துட்டாங்க."

அந்தப் பாவாடைக்கு மட்டும் லேசான தையல்தான் போட்டிருந்தேன். ஒரு நூலை இழுத்தால் முழுதும் வந்துவிடும். அதை அவளிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம். மச்சான் என்ன நினைப்பாரோ என்று சொல்லவில்லை.

"போட்டி பாக்கவாவது போவியாம்மா?" என்றேன்.

"போவேம்ப்பா. அந்தப் பிள்ளையோட டவல வச்சுக்கிட்டு கரையில நிக்கணும்னு டீச்சர் சொல்லிருக்காங்க."