‘தாங்கும்’ என்று சொல்லிவிட்டேன்

தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புக் கையுறை விற்கும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதமாகியும் எனக்கு ஓர் ஆர்டர்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பதற்றத்தோடுதான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலைக்குப் போனேன். சூப்பர்வைசர் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடான கம்பிய புடிச்சா தாங்குமாம்மா?"

எனக்குத் தெரியாது. அதைச் சொன்னால் அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, "நல்லா தாங்கும் சார்" என்றேன்.

"அப்ப ரெண்டு மணி ஷிஃப்ட்டுல போட்டுப் பாக்குறோம்" என்று ஒரு ஜோடியை வாங்கி வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் புதுவாயலில் இறங்கி டீ வாங்கினேன், குடிக்க முடியவில்லை. மனசு கேட்காமல் எங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"அது தகடு தூக்குறதுக்கு. சூடு பட்டா உருகி கையிலயே ஒட்டிக்கும்" என்றார்கள்.

சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு அரை மணி நேரமே இருந்தது. ஆட்டோ பிடித்து ஆலைக்குத் திரும்பினேன். அது லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருடைய கை கண்ணில் வந்து நின்றது.

உள்ளே ஓடியபோது ஒரு தொழிலாளி கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கழட்டுங்க! நான் தெரியாம சொல்லிட்டேன்!"

சூப்பர்வைசர் கொதித்துப்போனார். "இன்னாம்மா, வெளையாட்டா? அவன் ஊட்ல புள்ளகுட்டிங்க இருக்குது." கையுறையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் கோபம் கொஞ்சம் ஆறியதும், "ஓடியாந்து சொன்ன பாரு, அதுக்கோசரம் கேக்குறேன். சூடு தாங்குறது உங்ககிட்ட இருக்குதா?" என்றார்.

"தெரியல சார். கேட்டுக்கினு வந்து சொல்றேன்."

இப்போதெல்லாம் எங்கே போனாலும் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். அதனால் சில ஆர்டர்கள் கைநழுவிப் போகின்றன. தொழிலாளிகள் மாதிரிக் கையுறையைப் போட்டுப் பார்க்கும்போது நானும் பக்கத்திலேயே நிற்கிறேன்.

— ஒரு வாசகி, கவரைப்பேட்டை