ஆளில்லாத கடைக்குள் என்னோடு வந்தவர்

மரியாதை கொடுத்து ஏமாந்த முட்டாள்களுக்குப் போட்டி வைத்தால், தூத்துக்குடி சார்பில் நான்தான் போக வேண்டும்.

எங்கள் ஊரில் பில் போட ஆளே இல்லாத கடை ஒன்று திறந்திருந்தார்கள். செல்போனைக் காட்டினால்தான் கதவு திறக்கும். எடுத்ததைக் கேமரா பார்த்து நம் கணக்கில் பிடித்துக்கொள்ளும். காப்பித்தூள் வாங்கப் போனேன், போனைக் காட்டியதும் கதவு திறந்தது. பக்கத்தில் சலவை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக ஒரு பெரியவர். அவரை நிற்க வைத்துவிட்டு நுழைய மனம் வருமா?

“நீங்க முதல்ல போங்க அண்ணாச்சி.”

உள்ளே அவர் எதை எடுத்தாலும் முகர்ந்து பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். “இது நல்லா இருக்குமாவே?”

“அதவிட இந்த முந்திரி பெருசு அண்ணாச்சி.” நானே எடுத்துக் கொடுத்தேன். நெய்யும் நான் சொன்ன நெய்தான்.

வெளியே வந்ததும் போன் சிணுங்கியது. என் போனுக்குத் திறந்த கதவில் நுழைந்ததால் அவரும் என் வீட்டு ஆளாம். முந்திரி, நெய் எல்லாம் என் கணக்கில். மாசக் கடைசியில் என்னிடம் இருந்ததே அவ்வளவுதான்.

ஓடிப்போய் பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். முந்திரியைப் பிரித்திருந்தார், எனக்கும் நாலு நீட்டினார்.

“தெரிஞ்சேதான் செஞ்சியளா அண்ணாச்சி?”

அந்த முகத்தில் கள்ளமும் இல்லை, வெட்கமும் இல்லை. இன்றுவரை எனக்குப் பிடிபடாத முகம்.

“நீருதானவே உள்ள போகச் சொன்னீரு.”