கப்பு இல்லாத சோப்பு

“…அப்படின்னா மீதி அஞ்சையும் கடையிலயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரு. நாப்பத்தஞ்சு நாளைக்கு ஆறு சோப்பு என்னத்துக்கு?” என்றார் என் வீட்டுக்காரர்.

கொல்லைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடிக்கு முன்னால், தோளில் துண்டும் கையில் பிரஷ்ஷுமாக நின்றுகொண்டிருந்தார். வளைகுடாவிலிருந்து வந்து இறங்கி அன்று மூன்றாவது நாள் காலை. அந்த மூன்று நாளும் நான் ஒரு கேள்வியைக் கேட்காமல் வைத்திருந்தேன், அவரும் அதற்குப் பதில் சொல்லாமல் வைத்திருந்தார். சவரச் சோப்பைப் பற்றிப் பேசப்போய் அந்தப் பதில் அதுவாக அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டது. நாற்பத்தைந்து நாள்.

எங்கள் அரிமளம் பக்கம் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆள் வந்தால், நல்லா இருக்கீங்களா என்று கேட்பதற்கு முன்னால், “லீவுலயா, கேன்சல்லயா?” என்றுதான் கேட்பார்கள். லீவு என்றால் திரும்பிப் போகிற ஆள். கேன்சல் என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட ஆள். பதினான்கு வருடத்தில் என் வீட்டுக்காரர் ஏழு தடவை வந்திருக்கிறார். ஏழும் லீவு. இந்த எட்டாவது தடவைக்குக் கிளம்புமுன் போனில், “கேன்சலுக்குக் கம்பெனியில சொல்லியிருக்கேன்” என்றார். சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அதற்குள் நான் ஆறு சோப்பு வாங்கிவிட்டேன்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒரு நல்ல பேச்சு காதில் விழுந்தால் அளவு எழுதுகிற நோட்டிலேயே ஓரமாக எழுதிவைத்துவிடுவேன். என் மாதிரியே வீட்டுக்காரரை வெளிநாட்டில் விட்டிருக்கிற ஒருத்தி ஒரு நாள், “எங்க வீட்டுக்காரருக்கு வீடியோவுலதான்க்கா வயசாகுது” என்றாள். அவள் ரவிக்கையின் கை அளவுக்குப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது.

அவள் சொன்னது சரிதான். ஆனால் வீடியோவில் வாசனை வராது.

என் வீட்டுக்காரர் அங்கே இருக்கும்போது டப்பாவை அழுத்தினால் நுரை வருமே, அதைப் போடுகிறவர். அவசரத்துக்கு அதுதான் தோது என்பார். ஊருக்கு வந்தால் மட்டும் சோப்பும் பிரஷ்ஷும் வேண்டும். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, உள்ளங்கை அகலம், அதில்தான் சோப்பை வைத்துக் குழைப்பார். தினமும் காலையில் கிண்ணத்தில் பிரஷ் சுற்றுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சோப்பு அவருக்கு நான்கு மாதம் வரும். லீவோ நாற்பத்தைந்து நாள். அவர் போனபிறகு பாதிக்கு மேல் கிண்ணத்திலேயே காய்ந்து, வெடித்து, ஓரத்தில் கழன்று நிற்கும். அதை நான் எறிந்ததில்லை. கத்தியால் சில்லுச் சில்லாகப் பெயர்த்து வைத்துக்கொள்வேன். கருநீல ரவிக்கைத் துணியில் வெட்டு அளவு போட அதைவிட நல்லது கிடையாது. கோடு பளிச்சென்று விழும், துவைத்தால் போய்விடும். இந்த ஊரில் பாதிப் பெண்களின் ரவிக்கையில் என் வீட்டுக்காரரின் சோப்பால் கோடு போட்டிருக்கிறேன். அது அவர்களுக்குத் தெரியாது. கோடு போடுவதற்கு முன்னால் ஒரு தடவை மூக்குக்கிட்டே கொண்டுபோவேன். அதுவும் யாருக்கும் தெரியாது.

ஆக, சோப்பு வீணாகவில்லை. வீணானது அதன் உறைதான். எங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிற சவரச் சோப்புக்கு மேலே ஒரு கண்ணாடித்தாள், அதற்குள் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் மூடியோடு ஒரு பிளாஸ்டிக் கப்பு, கப்புக்குள் சோப்பின் மேல் இன்னொரு தாள். அவரிடம் கிண்ணம் இருக்கிறது, கப்பு எதற்கு? இருந்தாலும் கூடவே வந்துவிடும். ஒரு லீவுக்கு ஒரு கப்பு. ஒன்றில் ஊக்கு போட்டேன், ஒன்றில் பொத்தான், ஒன்றில் பாபின், ஒன்றில் ஊசி. ஐந்தாவதில் சோப்புச் சில்லு. ஆறாவதில் பழைய பொத்தான்கள். ஏழாவதில் போட எதுவும் இல்லை. தையல் மிஷினுக்கு மேல் ஏழும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எத்தனை தடவை வந்தார் என்று கேட்டால் நான் விரல் விட வேண்டியதில்லை, திரும்பிப் பார்த்தால் போதும்.

போன தடவை அவர் புறப்பட்டுப்போன மறுநாள், அந்த ஏழாவது கப்பைக் குப்பையில் போடலாமென்று அட்டை, தாளோடு சேர்த்து வாசலுக்குக் கொண்டுபோனேன். தெருவில் குப்பை வாங்க வருகிற அக்கா வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். தாள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், கப்பு ஒரு பக்கம்.

“இதுக்குள்ள என்ன இருந்துச்சு?”

“சவரச் சோப்புதான்க்கா.”

“ஒரு சோப்புக்கு இம்புட்டுச் சட்டையா? எம் மகளுக்குத் தீபாவளிக்கே ஒண்ணுதான் எடுத்தேன்” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “சோப்பு கரைஞ்சு போயிருது தாயி. இத நாந்தான் தெருத்தெருவாத் தள்ளிக்கிட்டுத் திரியணும்.”

கப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அடுத்த தடவை கப்போடு வாங்குவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த அக்காவுக்காகவும்தான். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், எட்டாவதாக ஒரு கப்பு அந்த வரிசையில் வந்து உட்காருவதை என்னால் பார்க்க முடியாது என்பதற்காகவும்தான்.

அவர் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது மளிகைக் கடையில் போய், கப்பு இல்லாமல் சோப்பு மட்டும் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கப்பு ஃப்ரீதானேங்க? ஃப்ரீயா குடுக்கறத வேணாங்கற ஆள இப்பத்தான் பாக்குறேன்.”

“எங்க வீட்டுல வைக்க எடமில்லண்ணே.”

“அவ்வளவுதானே? கப்பக் கழட்டி நான் வச்சுக்கறேன், நீங்க சோப்ப மட்டும் எடுத்துட்டுப் போங்க.”

“அப்ப அது ஒங்க வீட்டு வழியாக் குப்பைக்குப் போகும், அம்புட்டுத்தானே?” என்று கேட்டுவிட்டு இறங்கினேன்.

பிறகுதான் யோசனை வந்தது. சலூனில் நாள் முழுக்கச் சவரம் நடக்கிறதே, அங்கே இத்தனை கப்பு எங்கே போகிறது? பஸ் ஸ்டாப் பக்கத்துச் சலூன் வாசலில் போய் நின்றேன். உள்ளே நான்கு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கப்பென்று அடங்கிவிட்டார்கள். பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். பொம்பளை ஒருத்தி சலூன் வாசலில் நின்றால் புருசனைத் தேடித்தான் வந்திருக்கிறாள் என்று அவர்கள் நினைப்பு.

“என்னக்கா, அண்ணன் வந்துட்டாகளா?” என்றார் சலூன்காரத் தம்பி.

“இல்லப்பா, வரப்போறாக.”

“லீவுலயா, கேன்சல்லயா?”

“சோப்பு வாங்க வந்தேன்” என்றேன். கேட்டதற்கு இது பதில் இல்லைதான். அவர் அதை விட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் கத்தியை மடக்கிக்கொண்டு சிரித்தார். “கப்பு கப்பா வாங்குனா நான் நின்னு வேல பாக்க எடமிருக்காதுக்கா. எங்களுக்குக் கட்டியாத்தான் வரும். டவுன்ல சலூன் சாமான் விக்கிற கடையில கேளுங்க, வெறும் காயிதம்தான் சுத்தியிருக்கும்.”

மறுநாள் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கடை ஓர் ஆள் அகலம்தான். கத்தரி, சீப்பு, பவுடர் எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. முதலாளி என்னைப் பார்த்ததும், “வாங்க, எந்த ஊர் பார்லர்?” என்றார்.

“பார்லர் இல்லைங்க. வீட்டுக்குத்தான். ஒரே ஒரு மொகம்.”

அவர் ஒரு காகிதச் சுருளை எடுத்து வைத்தார். ஆறு வட்டச் சோப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக, நாணயம் சுற்றியதுபோல் ஒரே காகிதத்தில். கப்பு இல்லை, அட்டை இல்லை, கண்ணாடித்தாள் இல்லை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். அதே வாசனை.

“இதுல ஒண்ணு மட்டும் குடுங்க.”

“சுருளப் பிரிச்சா மத்த அஞ்சும் காஞ்சு வெடிச்சுரும்ங்க. அப்புறம் எவன் வாங்குவான்? எடுத்தா ஆறா எடுக்கணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஒரு மொகத்துக்கு ஆறு கொஞ்சம் ஜாஸ்திதான். அவருக்கு என்ன, தாடி பனமரம் ஒசரத்துக்கு வளருதா?” என்றார்.

கணக்குப் போட்டேன். ஒன்று நான்கு மாதம். ஆறும் தீர இரண்டு வருடம். இரண்டு வருடம் தினமும் காலையில் கிண்ணத்தில் பிரஷ் சுற்றுகிற சத்தம். நான் கணக்குப் போட்டது சோப்புக்கு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

“ஆறையும் குடுங்க. இந்தத் தடவ அவுக இங்கனயே இருந்து கரைப்பாக” என்றேன். அவர் பிளாஸ்டிக் பைக்குக் கை நீட்டுவதற்குள் மஞ்சப்பையை விரித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண், “என்னங்க, பூ வாங்கிட்டுப் போறீகளா? வாசமா இருக்கு” என்று கேட்டாள்.

அந்த ஆறில் ஒன்றைத்தான் அன்று காலை எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்பு எங்கே என்று கேட்டார். கப்பு இல்லாமல் வாங்கியதையும், சுருளைப் பிரிக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னதையும் பெருமையாகச் சொன்னேன். அதற்குத்தான் அவர் அப்படிச் சொன்னார், மீதி ஐந்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி.

அவருடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் தாடி, சோப்புப் போடாமலே நுரை போட்டதுபோல் வெள்ளையாக இருந்தது. வீடியோவில் அது இவ்வளவு தெரியவில்லை.

“கம்பெனியில என்ன சொன்னாங்க?”

“இன்னும் ஒரு ரெண்டு வருசம் ஓட்டச் சொல்றாய்ங்க” என்றார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

“சரி. பிரிச்ச சுருளத் திரும்ப எடுக்க மாட்டாகங்க” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு அப்போது கோபம் இல்லை. “இருக்கட்டும். லீவுக்கு ஒண்ணுன்னு வச்சா ஆறு லீவுக்கு ஆகும். கப்பும் சேராது.”

அவர் பிரஷ்ஷைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். உதடு மட்டும் அசைந்தது.

“பன்னெண்டு வருசம்” என்றார்.

“ஆமா.”

கிண்ணத்தையும் அப்படியே கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். கொல்லைக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. மீதி ஐந்து சோப்போடு ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்தார். கடைக்குத்தான் புறப்படுகிறார் என்று நினைத்தேன். வாசல் பக்கம் போகவில்லை. பீரோவைத் திறந்து குனிந்தார். கீழ்த்தட்டு ஒரு காலத்தில் அவருடையது. அவர் இல்லாத வருடங்களில் நான் ஊரார் ரவிக்கைத் துணிகளை அதில் அடைத்து வைத்திருந்தேன். அந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக, யாருடையது யாருடையதோடும் கலந்துவிடாமல், வெளியே எடுத்துத் தையல் மிஷின்மேல் ஏழு கப்புகளுக்குப் பக்கத்தில் அடுக்கினார். தட்டைத் துண்டால் துடைத்தார். ஐந்து சோப்பையும் உள்ளே தள்ளி வரிசையாக வைத்தார். பெட்டியில் மடித்தபடியே கிடந்த தன் வேட்டிகளை எடுத்துவந்து அவற்றின் முன்னால் அடுக்கி, பீரோவைச் சாத்தினார்.