காலை அணி யாருக்கு? தாரமங்கலம் சாலையில் ஒரு சமுதாயக் கல்லூரி

ஆடி மாதம் இரண்டாவது வாரம், புதன்கிழமை. திருச்சியில் காலை 6.10-க்கு பஸ் ஏறி, நாமக்கல் வழியாக சேலத்தில் இறங்கியபோது மணி 9.35. ஏறத்தாழ 140 கிலோமீட்டர், டிக்கெட் 135 ரூபாய். சேலம் என்றதும் "ஏற்காடா?" என்று கேட்காதவர்கள் குறைவு. நான் போனது ஒரு கல்லூரியைப் பார்க்க.

காரணம் மல்லிகா. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள், செவ்வாய்ப்பேட்டையில் வீடு. அரசு சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது நீக்கும் பட்டயப் படிப்புக்குப் பாடம் எடுக்கிறாள். "என் வகுப்புல பத்தொன்பது வயசுப் பையனும் இருக்கான், நாற்பத்தேழு வயசு அம்மாவும் இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே கம்ப்ரஸரக் கழட்டுறாங்க" என்று போனில் சொன்னாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று பஸ் பஸ்ஸாகச் சுற்றிக்கொண்டிருக்கும் எனக்கு அதற்கு மேல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை 8.20-க்கு பழைய பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ். தாரமங்கலம் சாலையில் 17 கிலோமீட்டர், 50 நிமிடம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கினால் எதிரிலேயே கல்லூரி: இரண்டு மாடிக் கட்டடம், பின்னால் தகரக் கூரை போட்ட தொழிற்கூடம், வேப்ப மரத்தடியில் வரிசையாக டூவீலர்கள். படிப்பு ஒரு வருடம். பத்தாவது முடித்திருந்தால் போதும், வயது வரம்பு கிடையாது. பாதிப் பேர் சேலம் டவுன், பாதிப் பேர் சுற்று வட்டாரக் கிராமங்கள்.

தொழிற்கூடத்தில் காப்பர் குழாயைப் பற்றவைக்கும் வாசனை. ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேர்தான் நிற்க முடியும். வகுப்பில் இருப்பதோ இருபத்துநான்கு பேர். அதனால் காலை அணி, மதிய அணி என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு அணிக்கு 10 முதல் 12.30 வரை செய்முறை, இன்னொன்றுக்கு 2 முதல் 4.30 வரை. மீதி நேரம் பாட வகுப்பு; காலை அணிக்கு அதுவும் மதியம் 3.30-க்கே முடிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அணிகள் மாற வேண்டும் என்பது விதி. இதுவரை காலையில் கிராமத்து ஆட்கள், மதியம் டவுன் ஆட்கள். வருகிற திங்கட்கிழமை மாற்றம். செய்முறை வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது.

நான் போன அன்றுதான் அந்தப் பேச்சு வெடித்தது.

சத்யா என்ற பெண், முப்பது வயதிருக்கும், எழுந்து நின்று சொன்னார். "மேடம், எங்கூருக்கு 3.50-க்கு ஒரு பஸ்ஸு. அத உட்டா 6.30-க்குத்தான். பாப்பாவுக்கு நாலு மணிக்கு இஸ்கோல் உட்ருவாங்க. மதியம்னா நான் நின்னுக்க வேண்டியதுதானுங்க." அந்தப் பஸ்ஸை நம்பி இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை மொத்தக் கடை ஒன்றில் பில் போடும் சரவணன் உடனே எழுந்தான். இருபத்திரண்டு வயது. "ரெண்டு மாசமா நாங்க மதியம் வந்தோம் மேடம். நான் சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் கடைக்குப் போறேன். முதலாளி வேற ஆள் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. இப்ப எங்க முறை. ஜலகண்டாபுரம் பஸ்ஸுதான் நிமிசத்துக்கு ஒண்ணு போகுதே. உங்க ஊர்ப் பிரிவு ரோட்டுல இறங்கி நடந்தா என்ன? நாலு கிலோமீட்டர்தானே?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

சத்யா கோபப்படவில்லை. "நாளைக்கு எங்கூட வாங்க தம்பி. நடந்து பாத்துட்டு சொல்லுங்க" என்றார்.

"வாரேன்க்கா" என்றான் அவன், விறைப்பாக. நானும் வருகிறேன் என்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை, மதிய வகுப்பு முடிகிற நேரத்தையே கணக்கு வைத்து 4.30-க்குக் கிளம்பினோம். 4.42-க்கு ஜலகண்டாபுரம் பஸ் வந்தது. உட்கார இடமில்லை. தாரமங்கலத்தில் ஏழு நிமிடம் நின்றது. பிரிவு ரோட்டில் இறங்கியபோது 5.24. அங்கே ஒரு டீக்கடை, பூட்டிய பஞ்சர் கடை. ஷேர் ஆட்டோ உண்டா என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "சந்தை அன்னைக்கு வருமுங்க. மத்த நாள்ல யாருங்க ஏறுவா?" என்றார்.

ரோடு குறுகலானது. இரு பக்கமும் மக்காச்சோளம், ஆள் உயரத்துக்கு. முதல் கிலோமீட்டர் வரை சரவணன் வேகமாக முன்னால் நடந்தான். அப்புறம் பின்னாலிருந்து கல் குவாரி டிப்பர் ஒன்று வந்தது. ஒதுங்கச் சாலையோரம் மண்கூட இல்லை, வேலி முள்தான். மூன்று பேரும் முள்ளோடு முள்ளாக ஒட்டிக்கொண்டோம். புழுதி அடங்குவதற்குள் அடுத்தது. ஊர் போய்ச் சேர்வதற்குள் பதினொரு டிப்பர் எண்ணினேன். ஆறாவது டிப்பருக்குப் பிறகு சரவணன் எங்களுக்கு வெளிப்பக்கமாக, ரோட்டை ஒட்டி நடக்க ஆரம்பித்தான்.

ஊருக்குள் நுழைந்தபோது 6.19. (ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று சத்யா கேட்டுக்கொண்டார்.) பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. எதிரே இருந்த பெட்டிக்கடை பெஞ்சில் அவருடைய மகள், ஒன்றாம் வகுப்பு, பையை மாட்டியபடியே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "சத்துணவு அக்கா அஞ்சு மணி வரைக்கும் வெச்சிருந்தாங்க. அவங்களும் ஊட்டுக்குப் போவோணுமில்ல?" என்றார் கடைக்கார அம்மா, சத்யாவைப் பார்க்காமல்.

"எந்திரி சாமி" என்று சத்யா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். குழந்தையின் புத்தகப் பையை சரவணன் வாங்கிக்கொண்டான்.

வீட்டில் காபி கொடுத்தார். கணவர் போர்வெல் போடும் வண்டியில் வேலையாக ஒடிசா பக்கம் இருக்கிறார், வருடத்தில் மூன்று மாதம்தான் ஊரில். வீட்டுக்குள் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், முதுகுப்புறம் திறந்து கிடந்தது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்து பழகுகிறாராம். "இந்தப் பக்கம் ஃப்ரிட்ஜு நின்னுபோச்சுன்னா மெக்கானிக் வர நாலு நாள் ஆவுதுங்க. ஒரு பொம்பள மெக்கானிக் இருந்தா ஊட்டுக்குள்ள கூப்புடவும் யோசிக்க மாட்டாங்க" என்றார். அவர் இந்தப் படிப்பில் ஏன் சேர்ந்தார் என்பதை நான் அதுவரை கேட்கவே இல்லை.

சரவணன் குனிந்து பார்த்தான். "ரிலே போயிருக்குக்கா. கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கு."

"இல்லீங்க தம்பி, ரிலே மாத்திட்டேன். ஓவர்லோடுதான் மாத்தோணும்."

ரிலே கம்ப்ரஸரைக் கிளப்பும் பாகம், ஓவர்லோடு அது சூடேறினால் நிறுத்தும் பாகம்; இரண்டையும் மீட்டர் வைத்துச் சோதித்தார்கள். சத்யா சொன்னதுதான் சரி. சரவணன் சிரித்துவிட்டான். அந்த இரண்டு நாளில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

7.10-க்கு ஊரிலிருந்து கடைசி பஸ்ஸில் தாரமங்கலம் திரும்பினோம். பஸ்ஸில் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்: "அம்மா, நான் நேத்து எல்லார் முன்னாடியும் ரொம்பச் சத்தமாப் பேசிட்டனா?" ஆமாம் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை நடந்தது மல்லிகா சொல்லித்தான் தெரியும். நான் ஞாயிறே திருச்சி திரும்பிவிட்டேன். படிப்பு முடியும்வரை மதிய அணியிலேயே தொடர்கிறேன் என்று சரவணன் எழுதிக் கொடுத்தானாம். நடந்த வழியை வகுப்பில் அவனே சொல்லியிருக்கிறான், டிப்பர் எண்ணிக்கை உட்பட. டவுன் ஆட்கள் இன்னும் இருவர் கை தூக்கினார்கள். தேவைப்பட்டது நான்கு இடம், கிடைத்தது மூன்று. அந்தப் பஸ்ஸை நம்பியிருந்த இன்னொரு பெண் ஒரு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். அடுத்த வருடம் மறுபடி சேரச் சொல்லியிருப்பதாக மல்லிகா சொன்னாள். அவள் குரலில் நம்பிக்கை இல்லை.

சரவணனுக்கும் சும்மா போகவில்லை. சாயந்திரம் வரும் ஆளுக்குப் பில் போடும் இடம் இல்லை என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு விடியற்காலை ஐந்து மணிக்கு லாரியிலிருந்து மூட்டை இறக்கும் வேலை, எட்டு மணி வரை. காலைப் பாட வகுப்பில் சில நாள் தூங்கிவிடுவானாம். மல்லிகா எழுப்ப மாட்டாளாம்.

வருடக் கடைசியில் தேர்வு எழுதி இருவருமே தேறிவிட்டார்கள். சத்யா வீட்டு வாசலில் இப்போது போர்டு தொங்குகிறது. சுற்று வட்டாரத்தில் ஏழெட்டு ஊர்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். சரவணன் ஒரு ஏசி கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் பயிற்சியில் இருக்கிறான். பெரிய வேலை வந்தால், இரண்டு பேர் தூக்க வேண்டிய வேலை என்றால், சத்யா அவனைத்தான் கூப்பிடுகிறார். கூலியைப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்களாம்.

போக நினைப்பவர்களுக்கு: இந்த மாதிரிக் கல்லூரிகள் சுற்றுலா இடம் அல்ல. முதல்வரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, வேலை நாளில், காலை பத்து மணிக்குள் போங்கள். பழைய பஸ் நிலையத்தில் 8.20 பஸ்ஸை விட்டால் அடுத்தது 9.05, அதில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். கல்லூரிக்கு எதிரே சாப்பாட்டுக்கடை ஒன்று உண்டு, தக்காளி சாதம் 40 ரூபாய், 1.15-க்குள் தீர்ந்துவிடும். பஸ் நேரம் சொல்கிறவர்கள் எல்லாம் அதில் போகிறவர்கள் அல்ல. அதனால் அந்தப் பஸ்ஸில் தினமும் ஏறுகிறவரிடம் கேளுங்கள். பத்து வருடமாகப் பயணம் எழுதுகிற நானே, வரைபடத்தில் நாலு கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு முக்கால் மணி நேர நடை என்று குறித்து வைத்திருந்தேன். நடந்தபோது ஆனது ஐம்பத்தைந்து நிமிடம், கையில் முள் கீறல் தனி.

போன வாரம் மல்லிகாவுக்குப் போன் செய்து, ஐம்பத்தெட்டு வயதில் சேர முடியுமா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன், கேட்டு முடிப்பதற்குள் விளையாட்டு போய்விட்டது.

"தாராளமாச் சேரு. என் வீட்டுலயே தங்கிக்கோ" என்றாள். பிறகு, டீச்சர் குரலில்: "ஆனா நீ டவுன்ல இருந்து வர்ற ஆளு. உனக்கு மதிய அணிதான்."