மனைவி சாதுவாகிவிட்டாள்

மனைவி அன்பாக நடந்துகொண்டால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். நான் பயந்தேன். சும்மா பயமில்லை. குளிக்கத் துவாய் எடுக்கிற சாக்கில் அலுமாரியைத் திறந்து, அவளுடைய சேலைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிற அளவுக்குப் பயந்த முட்டாள் நான்.

அப்போது, கந்தோர் வேலை முடிந்து கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பயங்கரக் கதை, ஆனால் பேய் கிடையாது. ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு வீடு. மனைவி கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகிறாள். எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. கடைசியில், உள்ளே இருப்பது தன் மனைவிதானா என்று கணவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்த இலக்கியத்துக்காகச் சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டேன். என் மனைவி ஒரு மூலைக் கதிரையில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். கலைக்கு அவள் செய்கிற தொண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். சம்பலுக்கு உப்பு, ஜன்னல் கொக்கி, என் அம்மா, அவளுடைய அண்ணன் என்று எங்கள் சண்டைக்கு விஷயப் பஞ்சமே இருந்ததில்லை. சண்டை பிடிக்காத நாளில் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவள் மாசி மாதத்தில் திடீரென்று ஓய்ந்துபோனாள். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டேன்; பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். சோதித்துப் பார்ப்போம் என்று, "நீ வைக்கிற மீன் குழம்பு எங்கம்மா வைக்கிற மாதிரி வராது" என்றேன்.

"ஓம், மாமி நல்லாச் சமைப்பா."

அதுவும் போதாதென்று, எழுதிய அத்தியாயங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "வடிவா எழுதியிருக்கிறியள்" என்றாள். அன்றைக்குத்தான் அலுமாரியைத் திறந்தேன். சேலைகள் இருந்தன. என்றாலும், என் கதையில் கடைசியில் வீட்டை விட்டுப் போகிற மனைவியும் அதற்கு முன்னால் எல்லாவற்றையும் மடித்துத்தான் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவளோடு சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போனேன். நான் கோவிலுக்கு வந்ததற்கும் அவள் ஒரு நக்கல் சொல்லவில்லை. முடிந்து, வாவியோரமாகப் பஸ்ஸுக்கு நடக்கும்போது தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"இங்க பாரு, நீ என்னைய விட்டுட்டுப் போகப் போறியா?"

"ஏனப்பா அப்பிடிக் கேக்கிறியள்?"

"நீ சண்டையே போடுறதில்லையே."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "தவக்காலத்துக்கு ஒண்டை விட வேணுமெல்லே. நீங்கள் மாட்டிறைச்சியை விட்டியள். நான் உங்களோடை சண்டை பிடிக்கிறதை விட்டன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லிக்கொண்டு செய்தா அது தவமே? இறைச்சியை விடுறது எனக்குப் பெரிய வேலையில்லை. இதுதான் சரியான கஷ்டம். அந்த ஈரத் துவாயைக் காணேக்கை நாக்கைக் கடிச்சுக்கொண்டு மூண்டு அருள்நிறை மரியே சொன்னனான்."

"மீன் குழம்புக்கு?"

"முழுச் செபமாலை."

வாவிச் சுவரில் சாய்ந்து சிரித்தேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னால் ஒருத்திக்கு இவ்வளவு புண்ணியம் சேர்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. "இன்னைக்கு மட்டும் ஒரு சின்னச் சண்டை போடேன்" என்று கெஞ்சினேன். தவக்காலம் முடிகிற உயிர்த்த ஞாயிறு வரட்டும் என்றாள். அவள் முகத்தில் அன்றைக்குக் களைப்பும் தெரிந்தது. அது தவத்தால் மட்டும் வந்ததில்லை என்று எனக்கே விளங்கியது. மறுநாள் மேசையில் பாதியைக் காலி செய்தேன். அவள் எதிரே வந்து தட்டை வைத்தாள். அந்த வாரமே கதையின் முடிவையும் மாற்றி எழுதினேன்: கணவன் மன்னிப்புக் கேட்கிறான், மனைவி மறுபடி பேசத் தொடங்குகிறாள்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து, பாணும் இறைச்சிக் கறியும் சாப்பிட்ட பிறகு, முழுக் கதையையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"இப்ப உண்மையைச் சொல்லு. எப்படி இருக்கு?"

"அவள் முதலாம் அத்தியாயத்திலையே ஓடியிருக்க வேணும்."