அப்பா போட்ட ஆற்றுத் திட்டம்

கெசாங் ஆற்றில் காயாக் படகு ஓட்டப் போகலாம் என்று முதலில் ஆரம்பித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலை. கூட வேலை செய்பவர்களோடு ஒருமுறை போய்விட்டு வந்தவர், மெர்லிமாவில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றெல்லாம் அதே பேச்சுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா உடனே சரி என்றாள். அப்பா சற்று யோசித்துவிட்டு, "போகலாம், ஆனா நல்லா பிளான் பண்ணித்தான் போகணும்" என்றார்.

அன்றிலிருந்து திட்டம் அப்பாவின் பொறுப்பாகிவிட்டது. மாமா சொன்ன ஞாயிற்றுக்கிழமையில் ஆற்றில் நீரோட்டம் சரியிருக்காது என்றார். அடுத்த வாரம் மழை வரும் என்றார், வெயில்தான் கொளுத்தியது. அதற்கடுத்த வாரம் முதலை வந்துவிட்டது. கைப்பேசிக்கு யாரோ அனுப்பிய படத்தை எல்லோருக்கும் காட்டினார்.

"மச்சான், இது சரவாக் லா, நம்ம ஊரு இல்ல" என்றார் மாமா.

"முதல எல்லா ஊர்லயும் முதலதான்" என்றார் அப்பா.

எனக்கென்று மிதவைச் சட்டை வாங்கி வந்து, வீட்டுக்குள்ளேயே மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து என்னைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் ஆசை அதிகம் என்று நம்பினேன். அப்பாவும் நானும் ஒரே காயாக்கில் போகப்போகிறோம் என்று பள்ளியில் ஒருத்தி விடாமல் சொல்லியும் வைத்தேன்.

ஒருநாள் பசியாறும்போது அம்மா அப்பாவின் தட்டில் தோசையை வைத்துக்கொண்டே, "நாங்க ஆத்துல கீழ போய் எறங்குனா, ஏத்திக்கிட்டு வர ஆள் வேணும். வேன நீங்க எடுத்துட்டு வந்துருங்க. அந்த ஆத்தோரக் கம்போங் ரோடெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஆமா, அதுக்கு ஒரு ஆள் வேணும்ல" என்றவர், இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வாரமே நாள் குறித்தாயிற்று. மழையும் முதலையும் பேச்சில் வரவே இல்லை.

நான்தான் அழுதேன். அப்பாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. இவ்வளவு ஆசைப்பட்ட மனிதரைப் போய் டிரைவராக்கிவிட்டாளே என்று அம்மா மேலும் கோபம்.

ஆற்றில் அம்மா பின்னால் துடுப்புப் போட, நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நிப்பாப் பனை மட்டைகள் இரு பக்கமும் சாய்ந்திருந்தன. மாமா தனியாக ஒரு காயாக்கில், மூச்சு வாங்கினாலும் பாட்டை நிறுத்தாமல் வந்தார். முதல் பாலத்தின் மேல் அப்பா நின்று கையசைத்தார். அடுத்த பாலத்திலும் நின்றார். "லைஃப் ஜாக்கெட்ட கழட்டிறாதம்மா" என்று மேலிருந்து அவர் கத்தியது கேட்டது. இவர் எப்படி எங்களுக்கு முன்னால் வந்துவிடுகிறார் என்று சிரித்துச் சிரித்து என் கோபமெல்லாம் போய்விட்டது.

இறங்குதுறையில் அவர் படியில் காத்திருக்கவில்லை. கால்சட்டையோடு முழங்காலளவு தண்ணீரில் நின்று, காயாக்கின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். என்னைத் தூக்கிக்கொண்ட கைகள் நடுங்கின.

"குளுருதாப்பா?" என்றேன்.

"ஆமாம்மா, காத்து" என்றார்.

உச்சி வெயில். ஓர் இலைகூட அசையவில்லை. அம்மா தன் துண்டை அவர் தோளில் போர்த்திவிட்டாள். நனைந்தவர்கள் நாங்கள், அப்பாவுக்கு எதற்குத் துண்டு என்றுதான் எனக்கு அன்றைக்குத் தோன்றியது.